மாமல்லபுரத்தில் ஒத்திகை பார்த்த பாங்காக்

பாங்காக்குக்கு நான் போட்ட திட்டத்தில் நான்கு நாளுக்குப் பதினோரு இடங்கள் இருந்தன. ஆபீஸ் வேலைக்குப் போடுவது போலவே எக்ஸெல்லில் போட்டிருந்தேன். ஏழு நாற்பதுக்கு ஓட்டலை விட்டுக் கிளம்புவது, எட்டு பத்துக்குப் படகு, எட்டரைக்கு அரண்மனை வாசல். மதியச் சாப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். பாத்ரூமுக்கு என்று எங்கும் ஒரு வரி கிடையாது. அந்தப் பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளும் நான்தான். இரண்டாவது ஆள் அம்மா. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு வைத்தவள்.

அம்மாவுக்கு அந்தப் பதினொன்றில் ஒன்றுதான் தெரியும். அணுபுரம் குடியிருப்பில் பத்தொன்பது வருடம் வீட்டு வேலை செய்தவள் அவள். அங்கே ஒரு வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஊர் ஊராக வாங்கி வந்த காந்த பொம்மைகள் ஒட்டியிருக்குமாம். தினமும் துணியால் துடைத்ததில் அவளுக்குப் பிடித்துப்போனது, கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்துப் படுத்திருக்கும் தங்கச் சாமி. எந்த நாடு போகலாம் என்று நான் கேட்டபோது, "படுத்துகினு இருக்கற சாமி எந்த ஊர்ல கீது?" என்றுதான் கேட்டாள். அப்படி முடிவானது பாங்காக்.

சேதி கேட்டு வந்த என் மாமா, எங்கள் செங்கல்பட்டு வீட்டுக் கூடத்தில் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பாரேன், படிச்ச பொண்ணு ஆத்தாள ஃபாரின்ல தொலைச்சிட்டு செல்ஃபி போடப்போவுது."

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்து தெரியாத, தமிழ் தவிர வேறு பேசத் தெரியாத அம்மாவை அவ்வளவு பெரிய ஊருக்குக் கூட்டிப் போய், முழுதாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அது தவறினால் நான் படித்த படிப்பையே அவர்கள் குற்றம் சொல்வார்கள்.

அதனால்தான் ஒத்திகை. ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் அம்மாவை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் திட்டத்தை அப்படியே அந்த ஊரில் நடந்து பார்ப்பது என்று ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டுதான் எங்கள் ஓட்டல். தலசயனப் பெருமாள் கோயில் படுத்த சாமி. தபசுப் பாறை அரண்மனை. பாங்காக்கில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள, செங்குத்துப் படி வைத்த கோபுரத்துக்குப் பதில் லைட் ஹவுஸ்.

"இங்கயும் சாமி படுத்துகினுதான் கீறாரு, அங்கயும் படுத்துகினுதான் கீறாரு. நம்மளுக்கு மட்டும் இன்னாடி நடை?" என்றாள் அம்மா.

"நடந்தீன்னாதான் தெரியும் எங்க தாங்கலன்னு. வா, ஆறு நிமிஷம் லேட்டு."

நான் மொபைலில் நேரம் குறித்தபடி முன்னால் போனேன். அம்மா பின்னால் வந்தாள். முதல் இடத்தில் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாவதில் நிழல் தேடி உட்கார்ந்தாள். மூன்றாவதில் எதையும் பார்க்கவில்லை, என் முதுகை மட்டும் பார்த்து நடந்தாள். இதையெல்லாம் அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஆனால் நாற்பது நிமிடம் பின்தங்கியிருக்கிறோம் என்பதே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

லைட் ஹவுஸ் அடியில் ஒரு வேப்பமரம். அங்கே இன்னொரு பரீட்சை வைத்தேன். "நாம தனித்தனியா ஆயிட்டோம்னு வெச்சிக்கோ. நீ எங்கயும் போவக் கூடாது. கடைசியா என்னப் பாத்த எடத்துலயே நில்லு. நான் வந்து கூட்டிக்குவேன். சரியா?"

"சரிடி, டீச்சரம்மா."

அவளுடைய மொபைலையும் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பாங்காக்கில் சிக்னல் கிடைக்காமல் போகலாம் அல்லவா. பிறகு பாறைகளுக்குப் பின்னால் போய், ஒரு டீக்கடை பெஞ்சில் சரியாகக் கால் மணி நேரம் உட்கார்ந்தேன். மதியம் இரண்டு மணி. சிற்பக் கூடங்களின் உளிச் சத்தம் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றிருந்தது. அந்தச் சத்தம் இல்லாத மாமல்லபுரத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. வெயில் வெள்ளையாக இருந்தது. தெருவில் எதற்கும் நிழல் விழவில்லை போலத் தோன்றியது.

திரும்பிப் போனபோது வேப்பமரத்தடியில் யாரும் இல்லை.

மரத்தைச் சுற்றி வந்தேன். டிக்கெட் கவுண்டரில் கேட்டேன். அங்கே இருந்தவருக்குத் தெரியவில்லை. சாலை முனையில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன்.

"அண்ணே, நீலப் பொடவ, கொஞ்சம் குட்டையா, எங்கம்மா... பாத்தீங்களா?"

அவர் அரிவாளை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா வெளையாடறியா? இப்பத்தான உன் பின்னாலயே போனாங்க!"

"என் பின்னாலயா?"

"நீ ஃபோனப் பாத்துகினு முன்னால போற, அவங்க மூச்சு வாங்கிகினு பின்னால வராங்க. பெரியவங்க கூப்புடறாங்க, திரும்பிப் பாக்காமப் போறியேன்னு நானே நெனச்சேன்." கடற்கரைப் பக்கம் அரிவாளை நீட்டினார். "அப்டிக்கா."

எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறப் பை கொடுத்திருந்தார்கள். அதே பையோடு வேறு யாரோ போயிருக்க வேண்டும் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். கடற்கரைக்குத் திரும்பும் இடத்தில் மணி மாலை விற்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் கேட்டாள்:

"இன்னாக்கா, ரிட்டன் வந்துட்ட? அம்மா அங்கயே நிக்கறாங்களே?"

கடற்கரைக் கற்கோயிலுக்குத் தெற்கே, கரையில் பாறை கொட்டிய இடத்துக்கு அப்பால், அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு இரண்டும் கையில் இருந்தன. முகம் கடலைப் பார்த்து இருந்தது. "அம்மா" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. அலை இழுத்ததில் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். போய் அவள் தோளைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"எப்புடிடி பின்னாலருந்து வர?"

"மரத்தாண்ட நில்லுன்னு சொன்னேன்ல?"

"நின்னுகினுதான் இருந்தேன். நீதான் எதிர்ல வந்து, நிக்காமப் போன. போறியேன்னு வந்தேன். உன் பை, உன் ஜடை, செவப்பு ரப்பர் பேண்டு. தண்ணிக்குள்ள எறங்கிப் போய்கினே இருந்த. நான் எத்தினி வாட்டி கூப்பிட்டேன் தெரியுமா?"

"திரும்பலன்னா நான் இல்லன்னு தெரிய வேணாமா?"

அம்மா புடவையைப் பிழிந்தபடியே, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீ எப்பத்தான்டி திரும்பிப் பாத்திருக்க?"

கரைக்கு வரும்போது ஈர மணலைப் பார்த்தேன். பாறை ஓரத்திலிருந்து தண்ணீர் வரை ஒரே ஒரு ஆளின் கால்தடம் போயிருந்தது. அம்மாவுடையது. அதன் பக்கத்தில், அவளைத் தேடி நான் ஓடிய தடம். வேறு எதுவும் இல்லை. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளும் அந்த மணலைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வந்த பஸ்ஸில் ஈரப் புடவையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் மொபைலைத் திறந்து வரிகளை அழிக்கத் தொடங்கினேன். மிதக்கும் சந்தை போயிற்று. பட்டு மாளிகை போயிற்று. கடற்கரை ஊருக்கு ஒரே நாளில் போய் வருவது போயிற்று. திருக்கழுக்குன்றம் தாண்டும்போது நான்கு நாளுக்கு நான்கே இடங்கள் மிச்சம் இருந்தன. இரண்டு இடங்களுக்கு நடுவே "உட்காருதல்" என்று எழுதினேன். நேரம் போடவில்லை.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடட்டுமா?" என்று கேட்டேன். மாமா சொன்னது காதில் கேட்டது.

"எதுக்கு? போவலாம். ஆனா நீ பின்னால வா. நான் முன்னால போறேன்."

"உனக்கு வழி தெரியாதேம்மா."

"பின்னாலருந்து சொல்லு. வலது, எடதுன்னு சொல்லு. என்னக் கூப்புடணும்னா மூணு வாட்டி கூப்புடு. ஒரு வாட்டிக்கும் திரும்ப மாட்டேன், ரெண்டு வாட்டிக்கும் திரும்ப மாட்டேன். எங்க ஊர்ல அப்டித்தான். நம்ம ஆளுதான் மூணாவது வாட்டி கூப்புடும், மத்தது கூப்புடாது."

வேறு நாளாக இருந்தால் மூடநம்பிக்கை என்று ஒரு பாடமே நடத்தியிருப்பேன். அன்று தலையை ஆட்டினேன்.

பாங்காக்கில் அப்படித்தான் நடந்தோம். அம்மா முன்னால் போனாள், நான் இரண்டடி பின்னால். அவள் நின்றால் நானும் நின்றேன். தங்கச் சாமியின் எதிரில் அம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாள். பாதத்திலிருந்து தலைவரை நடந்தாள், தலையிலிருந்து பாதத்துக்குத் திரும்ப நடந்தாள். அவ்வளவு நீளமான அந்த உடம்பை நானும் அவள் வேகத்தில்தான் பார்த்தேன். தனியாகப் போயிருந்தால் எட்டு நிமிடத்தில் வெளியே வந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் மூன்று தரம் கூப்பிட்டேன். மூன்றாவதுக்குத் திரும்பி, என் முகத்தைப் பார்த்து, பிறகு என் கால்களைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் "இன்னாடி" என்பாள்.

கடைசி நாள் படகுத்துறையில் நல்ல கூட்டம். நான் பயணச்சீட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல், அவள் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓரத்துப் பலகைக்கு வந்ததும் அம்மா சட்டென்று நின்றாள். தலையைத் திருப்பவில்லை.

"ரெண்டு வாட்டியோட ஏன்டி நிறுத்திட்ட?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

நான் கூப்பிடவே இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, "அம்மா, அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன்.