குதிரைக்காரன் மலையை எந்தப் பக்கமாகச் சுற்றினான்?

மூக்குக் கண்ணாடியின் திருகாணி கழன்றுவிட்டது என்று இன்று சாயங்காலம் சலீமின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். சலீம் என் கல்லூரித் தோழன். ஒரு பழைய கௌபாய் படத்தை அந்த நாளில் சேர்ந்தே மூன்று முறை பார்த்தவர்கள் நாங்கள்.

அதன் ரீமேக்கை நேற்றுப் பார்த்தேன். "பழச விட இதுதான்டா நல்லாருக்கு. கடைசில ஹீரோ சாகறான் பாரு, அழுதுட்டேன்" என்றேன்.

சலீம் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாவாம என்ன பண்ணுவான்? பழசுல மலைய வலது பக்கம் வச்சிட்டு குதிரைல சுத்தி வருவான். பொழச்சான். புதுசுல மலை இடது பக்கம். எப்படிடா உருப்படுவான்?"

"நீ எப்படா கிரிவலம் போன?"

"போனதில்ல. ஆனா பொறந்தது இந்த ஊருடா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்க எந்தப் பக்கமா சுத்துறாங்கனு தெரியாதா?"

வீட்டுக்குத் திரும்ப வேங்கிக்கால் பஸ் ஏறினேன், ஜன்னலோரம் இடம் கிடைத்தது. துடைத்த கண்ணாடியில் மலை புதிதாகத் தெரிந்தது. உச்சியில் ஒரு மேகம் படுத்திருந்தது. செவ்வெயில் சரிவில் ஒரு குதிரை, அவசரமே இல்லாமல், பஸ்ஸோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிய பிறகுதான் உறைத்தது. மலை எனக்கு இடது பக்கம்.

இத்தனை வருஷமாக ஆபீசுக்கு ஒரிஜினலில் போய், வீட்டுக்கு ரீமேக்கில் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கெல்லாம் மலை எந்தப் பக்கம்?