என் போனை நானே பார்த்துக்கொள்கிறேன்

என் முதல் சொந்த போனை வாங்கியபோது எனக்கு வயது நாற்பத்தாறு. அதற்கு முன்பும் கையில் போன் இருந்தது. எல்லாம் கணவர் வாங்கிக் கொடுத்தவை. அவருடைய மின்னஞ்சல் கணக்கில் திறந்தவை, அவர் வைத்த பாஸ்வேர்டில் பூட்டியவை. அடையாறு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை டிபன் ஆனதும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, எல்லார் போனையும் வரிசையாக வைத்து அப்டேட் போடுவார். சொந்தக்காரர்கள்கூட அவரவர் போனை எடுத்துக்கொண்டு வருவார்கள். பொறுமையாகச் செய்து கொடுப்பார்.

அவர் ஒருநாளும் என்னிடம் சத்தம் போட்டதில்லை. மயிலாப்பூரில் காய்கறி வாங்கிவிட்டு நான் கோயில் குளத்தங்கரையில் கொஞ்சம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தால், "குளத்தங்கரையிலே அவ்ளோ நேரம் என்ன பண்ணிண்டிருந்தே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். நான் எங்கே இருந்தேன் என்பது நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே போன் வழியாக அவருக்குத் தெரிந்திருக்கும். என் தோழி எனக்கு அனுப்பிய செய்தியை நான் படிப்பதற்கு முன் அவர் படித்திருப்பார். இதை வெளியே சொன்னால் யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. அடிக்கிறாரா, குடிக்கிறாரா என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றார்கள்.

அவரை விட்டுக் கிளம்பி வந்த அன்று அந்த போனை அதே மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அபிராமபுரத்தில் அண்ணா வீட்டில் ஓர் அறை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன் தட்டச்சு கற்றிருந்தேன்; அது இப்போது உதவியது. மயிலாப்பூரில் கல்யாணப் பத்திரிகையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கும் வேலை. முதல் சம்பளம் வந்ததும் தி.நகர் போய், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய போன்கள் விற்கிற கடையில் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் லேசாகக் கீறல். மற்றபடி நன்றாகவே இருந்தது. என் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி அதில் போட்டேன். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவில்லை.

போன் வாங்கிய வாரமே தொல்லை ஆரம்பித்தது. புதிய அப்டேட் வந்திருக்கிறது என்று போன் சொல்லும். இறக்கச் சொன்னால் இறக்கும். அணைந்து, திரும்ப எழுந்து, 'நிறுவ முடியவில்லை' என்று ஒரு வரி காட்டும். மறுநாள் மறுபடி அதே அறிவிப்பு. இடம் போதவில்லையோ என்று படங்களை அழித்தேன். சார்ஜ் நிறைய ஏற்றிவிட்டுச் செய்து பார்த்தேன். கடையின் வைஃபையில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கடைசிவரை போய்க் கவிழ்ந்தது. இதற்கிடையில் சம்பளம் வரும் என் வங்கிக் கணக்கின் செயலியை இறக்கினேன். 'இந்தச் சாதனம் மாற்றப்பட்டுள்ளது' என்று சொல்லி அது உள்ளே விடவே இல்லை.

யார் மாற்றினார்கள்? அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னை அரித்தது. ஒருவர் கை வைத்த போனை விட்டுவிட்டு வந்து, முகம் தெரியாத இன்னொருவர் கை வைத்த போனையா வாங்கியிருக்கிறேன்?

தி.நகருக்குத் திரும்பப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். போனை வாங்கி இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"ரூட் பண்ணுன போனுக்கா இது. எனக்கே இப்பதான் தெரியுது."

"அப்படின்னா?"

"போன்ல எல்லாத்துக்கும் மேல ஒரு அதிகாரம் உண்டும்லா? கம்பெனிக்காரன் அதை நம்மகிட்ட தரமாட்டான். முன்னாடி வச்சிருந்த ஆளு பூட்டை ஒடைச்சு அதை எடுத்துருக்கான். அதான் கம்பெனி அப்டேட் ஒட்டமாட்டேங்குது. நீங்க அப்டேட்ட தொடாம ஓட்டுங்க, ஒண்ணும் செய்யாது."

"வேற போன் மாத்தித் தருவீங்களா?"

"தாரேன். ஆனா அதுல எவன் என்ன பண்ணிவச்சிருக்கான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

உண்மையைத்தான் சொன்னார். மாற்றிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.

போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கும் போனேன். கவுன்டரில் இருந்த இளைஞர் திரையைப் பார்த்ததுமே போனை என் பக்கம் தள்ளிவிட்டார். பூட்டு உடைத்த போனைத் தொடமாட்டார்களாம். சரி, எப்படிப் பழையபடி ஆக்குவது என்று கேட்டேன். "வீட்ல ஜென்ட்ஸ் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க மேடம். சொல்லிப் புரியவைக்கிறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த நிமிஷம் முடிவு செய்தேன், இந்தப் போனை என்னைத் தவிர யாரும் சரிசெய்யப்போவதில்லை.

அண்ணாவுக்கு இது பிடிவாதமாகப் பட்டது. ராத்திரிச் சாப்பாட்டின்போது, "எதுக்கு இப்படி அலையறே? அவர்கிட்டே குடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சுடும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி" என்றார். நான் பிரிந்து வந்த பிறகும் அண்ணாவின் போனுக்கு என் கணவர்தான் வைத்தியர். அதில் அண்ணாவுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

"வேண்டாம்ணா. நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துப்பே. இருக்கறதும் போயிடப் போறது."

அதன் பிறகு சாப்பாட்டு இடைவேளையெல்லாம் கடைக் கம்ப்யூட்டரில்தான். இதே பிரச்சினையோடு உலகத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் எழுதி வைத்திருந்ததை அகராதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். புரியாத வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கம்பெனி அப்டேட் என்பது, போனில் உள்ள ஒவ்வொரு பகுதியும் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறதா என்று முதலில் சரிபார்க்கிறது. ஓர் இடம் மாறியிருந்தாலும் பின்வாங்கிவிடுகிறது. ஆகவே கம்பெனி கொடுத்த மூல மென்பொருள் முழுவதையும் கம்ப்யூட்டர் வழியாகப் போனில் புதிதாக எழுத வேண்டும். எழுதினால் முந்தைய ஆள் விட்டுப்போனது எல்லாம் துடைத்தெறியப்படும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

போனைக் கம்ப்யூட்டரில் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. வேறு வேறு துளையில் செருகிப் பார்த்தேன். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பில் போடுகிற பெண், சைதாப்பேட்டைக்காரி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, காலைலேர்ந்து அதையே குத்திக்கினு கீற?"

"கம்ப்யூட்டர்ல தெரியலைடி."

"ஒயர்ல கோளாறு கீதோ இன்னாவோ. சில ஒயரு சார்ஜ் மட்டுந்தான் ஏத்தும்கா. எம் மச்சானுது அப்டித்தான். இந்தா, இத்த போடு." தன் பையிலிருந்து ஒரு வயரை எடுத்து நீட்டினாள். செருகியதும் திரையில் போன் தெரிந்தது. "பாத்தியா" என்று சொல்லிவிட்டுப் பில் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

முதல் முயற்சி தோற்றது. போன் வந்த அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்த மாடல் எண்ணைப் பார்த்து அதற்கான மென்பொருளை இறக்கி எழுதினேன். எல்லாம் முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொன்னது. போன் எழுந்தது, கம்பெனிச் சின்னம் காட்டியது, அணைந்தது, மறுபடி சின்னம் காட்டியது. அதற்கு மேல் போகவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோனபோது அண்ணா அதை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் மனைவியை, என் மன்னியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அழுகை வந்தது, ஆனால் அது தோல்விக்கான அழுகை இல்லை, கோபம். மறுநாள் சனிக்கிழமை. காலையில் காபி குடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிம் வைக்கிற தட்டை வெளியே இழுத்தபோது அதில் எறும்பு அளவில் ஒரு மாடல் எண் இருந்தது. பெட்டியில் இருந்த எண்ணேதான், கடைசி எழுத்து மட்டும் வேறு. கடைக்காரர் ஏதோ ஒரு பெட்டியில் ஏதோ ஒரு போனைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த போனின் மென்பொருளை என் போனில் எழுதியிருக்கிறேன். அது எப்படி எழுந்திருக்கும்?

பேட்டரி தீர்ந்து கிடந்ததால் போனை என் அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சரியான மென்பொருளைக் கடையில் இறக்கி வைத்தேன். மதியம் போனை எடுத்துப் போக வீட்டுக்கு வந்தால், மேசைமேல் சார்ஜர் மட்டும் இருந்தது.

"உங்கண்ணா எடுத்துண்டு போனார். அடையாறுலே குடுத்துட்டு ஆபீஸ் போறேன்னார்" என்றார் மன்னி. என் முகத்தைப் பார்த்து, "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சாப்பிடாமல் ஆட்டோ பிடித்தேன். அடையாற்றுப் பாலம் தாண்டும்போது என்ன பேசுவது என்று யோசித்தேன். கிளம்பி வந்த பிறகு அந்த வீட்டுப் படியில் நான் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்தே இருந்தது. அதே சாப்பாட்டு மேசை. அவருடைய லேப்டாப். அதிலிருந்து ஒரு கேபிள் என் போனுக்குப் போயிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"வா, உட்காரு. தப்பு ஃபைலைப் போட்டுட்டே. கொஞ்ச நேரம் பொறு, பழையபடி ஆக்கித் தரேன்."

"வேண்டாம். போனைக் குடுங்கோ."

"ஈகோ பார்க்காதே. போன்தானே. அக்கவுண்ட்கூட என்னோடதே போட்டுடறேன். பாஸ்வேர்ட் மறந்துட்டாலும் கவலை இல்லை."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. அதில் என்ன தப்பு என்றே அவருக்குத் தெரியாது.

"கேபிளைக் கழட்டுங்கோ."

"இப்போ கழட்டினா போன் மொத்தமா செத்துடும். அப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது." பல வருஷம் நான் கேட்டு அடங்கிய குரல். அந்தக் குரல் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிப் பழகியவள் நான்.

லேப்டாப் திரையைப் பார்த்தேன். பச்சைக் கோடு ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்த கோடுதான். அன்று காலையில்தான் மயிலாப்பூரில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் டவுன்லோடுதான் ஆயிண்டிருக்கு. போன்ல எழுதவே ஆரம்பிக்கலை. கழட்டினா ஒண்ணும் ஆகாது" என்றேன்.

நான் குனிந்து கேபிளை இழுத்தேன். போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வாசல்வரை வந்த பிறகு, "உனக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். முதல் தடவையாக அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. படியிறங்கினேன். தெருமுனை வந்ததும் ஒரு பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டு மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் வேலை குறைவாக இருந்தது. சரியான மென்பொருளை எழுதினேன். இந்தத் தடவை சின்னம் வந்தது, போனது, வெள்ளைத் திரையில் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தமிழ் என்று தொட்டேன். என் கணக்கைப் போட்டேன். சிறிது நேரத்தில் அப்டேட் வந்திருக்கிறது என்றது. இறக்கச் சொன்னேன். கடைசிவரை போயிற்று. அணைந்தது, எழுந்தது, வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று சொன்னது. பிறகு இன்னொன்று, அதன் பின் இன்னொன்று. முந்தைய ஆள் தவறவிட்ட அப்டேட்டுகள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. உடைத்த பூட்டையும் திரும்பப் போட்டேன். வங்கிச் செயலி ஒரு வார்த்தை பேசாமல் திறந்தது.

"முடிஞ்சிதாக்கா?" என்றாள் சைதாப்பேட்டைக்காரி.

"முடிஞ்சுது."

"எனுக்கும் ஒருநாள் போட்டுக் குடு."

"போட்டுக் குடுக்கமாட்டேன். பக்கத்துல உட்காரு, நீயே போடு."

"ஐய, ரொம்பத்தான்" என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணா வந்ததும் அவர் எதிரில் போய் நின்றேன். "நல்லதுக்குத்தானே பண்ணினேன்" என்றார். "தெரியும்ணா. ஆனா என் ரூம்லேர்ந்து என் சாமானை என்னைக் கேக்காம எடுத்து அவர்கிட்டே குடுத்தேள். நான் எதை விட்டுட்டு வந்தேன்னு உங்களுக்கு இன்னும் புரியலை" என்றேன். அண்ணாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் கோபித்துக்கொண்டு நாலைந்து நாள் பேசாமல் இருந்தார். நானும் பேசப் போகவில்லை. அந்த நாட்களில் போனிலேயே வீடு தேடினேன். மந்தைவெளியில் மாடியில் ஒரு சின்ன போர்ஷன் கிடைத்தது. தனியாக இருக்கும் பெண்ணா என்று வீட்டுக்காரர் தயங்கினார். ஆமாம், தனியாகத்தான் என்றேன். முன்பணத்தை அங்கேயே நின்று போனிலிருந்து அனுப்பினேன்.

அண்ணா கடைசியில் சாமான் ஏற்ற வந்தார். குக்கரையும் தலையணையையும் அவரே மாடிக்குத் தூக்கி வந்தார். போனைப் பற்றி இருவரும் பேசவில்லை. இப்போதும் அப்டேட் வருகிறது. சில நேரம் முரண்டு பிடிக்கிறது. அப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்ன சொல்கிறது என்று முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.