கதவருகே உட்காருகிறவர்

தெரியாமல் ஒருவர்மேல் பழி சொல்லிவிட்டால் அதை எப்படித் திரும்ப எடுப்பது?

எங்கள் ஊர் நூலகத்தின் வாசிப்பு வட்டத்துக்கு நடவு வேலை செய்யும் ஓர் அம்மா வருவார். அறுபது வயதிருக்கும். சேற்றுப்புண் ஆறாத கால்கள். படிக்கத் தெரியாது, கேட்பார். கதவு சாத்திக்கொள்ளாதபடி காலை நீட்டி வாசலிலேயே உட்காருவார். சாரல் அடித்தாலும் காலை எடுக்கமாட்டார்.

"கதவுக்குக் காவலா?" என்று நூலகர் கேலி செய்வார்.

போன மாதம் ஒரு பழைய சிறுகதை படித்தோம். கூலித் தகராறில் ஒரு குடிசையைக் கொளுத்துகிறார்கள். உள்ளே குழந்தை.

"யார் மேல தப்பு?" என்றார் நூலகர்.

மகளை மடியில் வைத்திருந்த நான் முந்திக்கொண்டேன். "கொளுத்துனவங்க மேலதான் சார். ஆனா அந்தத் தாயும் வெளியில தாழ் போட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"புள்ள வாய்க்கால்ல விழுந்துரும்னுதாம்மா போடுவோம். நானும் போட்டுட்டுத்தான் கூலி கேக்கப் போனேன். திரும்பி வந்தா, தாழ்ப்பா மட்டும் போட்டபடியே கெடந்துச்சு."

நூலகரைப் பார்த்து, "மிச்சத்தப் படிங்க சார்" என்றார்.

உலை கொதிக்கும்போது மகளை அறையில் விட்டுத் தாழ் போடுகிறவள்தான் நானும். அடுத்த கூட்டத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்பதா, பேசாமல் அவர் பக்கத்தில் போய் உட்காருவதா? உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.