ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை

பல்கலைக்கழகத்தில் இருந்த காலம் முழுக்க, ஆய்வேட்டோடு யார் வந்தாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பேன்: உன் முடிவு தப்பாக இருந்தால் அது உனக்கு எப்படித் தெரியவரும்? மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சக பேராசிரியர்கள் நேராகவே முறைப்பார்கள். அந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் தோற்றுப்போய் வாங்கிக்கொண்டது.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். அவருடைய சோதனைப் பாத்திகளில் தேயிலைக் கன்றுகளை அளந்து கொடுத்த பழக்கத்தில், செடிகொடி சாஸ்திரம் முழுக்க எனக்கு அத்துப்படி என்ற நினைப்பு. வயது இருபத்திரண்டு. அந்த வயதில் அது பெரிய குற்றமில்லை.

அரிசி நின்றுபோனதும் தேயிலையை வெட்டிவிட்டுச் சர்க்கரைவள்ளி நட்டோம். கிழங்கு வரும்வரை வயிறு பொறுக்குமா? கொடியின் கொழுந்தைக் கிள்ளிக் கீரையாக்கித் தின்றார்கள். கிள்ளினால் கிழங்கு குறையாதா என்று சிலர் கேட்டபோது, தேயிலை கிள்ளக் கிள்ளத்தானே தழைக்கிறது, இதுவும் அப்படித்தான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். வாழ்நாளெல்லாம் கொழுந்து கிள்ளிய ஜனங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. தேயிலையில் நமக்கு வேண்டியது இலை, இதில் வேண்டியது கிழங்கு என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. அவர் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு பிள்ளைகளோடு, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை நீ என்பேன், அவர் என்னை ஐயா என்பார்.

"ஐயா சொல்றது சரியாவும் இருக்கலாம்லா. நட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் பேச்சை இவள் சோதிப்பதா என்ற கோபத்தில் ஐந்து மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவில் எட்டு வரிசை போட்டிருக்கிறார், நாலில் கிள்ளுகிறார், நாலைத் தொடுவதில்லை என்று பிறர் சொல்லித்தான் தெரியும். கன்னம் ஒட்டிப்போன சின்ன மகள் இன்னும் கொஞ்சம் கீரை கேட்டு அழுவாளாம். தாய் அந்த நாலு வரிசையைத் தொடவேயில்லை. கல்நெஞ்சுக்காரி என்று லயமே பேசியது. நானும்தான் பேசினேன். நான் சொன்னது சரியென்றால், பிள்ளைகளை அவர் வீணாகக் காயப்போட்டவர் ஆவார். அவருடைய சந்தேகம் சரியென்றால், என் பேச்சை நம்பிய அத்தனை குடும்பமும் அடுத்த நடவிலும் வெறும் வேரைத்தான் தோண்டும்.

தோண்டிய அன்று ஆள் அனுப்பினார். போனேன். வாசலில் இரண்டு குவியல். கிள்ளிய கொடிகளுடையது விரல் பருமன். தொடாத கொடிகளில் கை கொள்ளாத கிழங்கு. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? ஆனால் நான் படித்தவன் அல்லவா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அப்போது சோறும் கிடையாது. மழையில் சத்து மண் கரைந்து கீழே இறங்கும், அடிச்சரிவில் கிழங்கு தானாகவே பெருக்கும், நீ அடிச்சரிவைக் கிள்ளாமல் விட்டிருப்பாய், இது செல்லாது என்று அளந்தேன்.

அவர் கோபப்படவில்லை.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு ஐயா. அதான் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கிள்ளுனேன்."

பிறகு எத்தனையோ மேதைகளின் உரைகளைக் கேட்டுவிட்டேன். தனக்கு எதிராக வரப்போகிற வாதத்தைத் தானே முதலில் யோசித்து, பதிலை மண்ணில் நட்டு வைத்துவிட்டு, ஐந்து மாதம் பசியோடு காத்திருந்த இன்னொருவரை நான் கண்டதில்லை. அவரை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

"மத்தவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கேக்கமாட்டாங்க," என்றார். நான் தலையாட்டினேன். சின்ன மகள் பிடுங்கிப் போட்ட கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அதுவரை தொடக்கூடாதிருந்த கொழுந்துகளைக் கிள்ளிக் கிள்ளிப் பாவாடையில் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கொடியைக் கிள்ளச் சொன்னது என் தப்பு, இனிமேல் கிள்ள வேண்டாம் என்றேன். கங்காணிக்கு நம்பிக்கை வரவில்லை. யார் சொல்லி இந்த ஞானம் வந்தது என்று கேட்டார்.

கூட்டத்தின் கடைசியில் நின்றவரைக் காட்டினேன். "அக்கா நட்டுப் பாத்துட்டாங்க," என்றேன்.