மாசக் கடைசிக்குள்ள லைவ் பண்ணிடலாம் அண்ணே

ஏழுமலை அண்ணன் போயிட்டார்.

இன்னைக்குக் காலைல கடை ஷட்டரைத் தூக்கினவர் அப்படியே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு... ஐம்பத்தி மூணு வயசு.

நெய்வேலி டவுன்ஷிப்ல இருக்கறவங்களுக்கு 'முந்திரி ஏழுமலை'ன்னா தெரியும். பஜார்ல சின்னக் கடை, சொந்த ஊர் காடாம்புலியூர். தெரியாதவங்களுக்கு... அவருக்கு வெப்சைட் பண்ணிக் கொடுக்க வேண்டியவன் நான். வேண்டியவன்தான். கொடுத்தவன் இல்லை.

இதை டைப் பண்றதுக்குள்ள நாலு தடவை எழுந்து நடந்துட்டேன். உட்காரவே முடியலை.

முதல் தடவை என்கிட்ட வந்தப்போ கையில ஒரு நீள நோட்டு. கஸ்டமர் லிஸ்ட்டாம். உள்ளே ஒரு பேர் கூட கிடையாது. பிளாக் நம்பர், ரோடு, குவார்ட்டர்ஸ் நம்பர், பக்கத்துல 'உடைசல் அரை கிலோ', 'காரம் கால் கிலோ'.

"பேரு எதுக்குங்க தம்பி, வூடு தெரிஞ்சா போதாதா?"

நானும் பெரிய புத்திசாலியாட்டம் அந்த நோட்டை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். ட்ரையல் பார்க்கலாம்னு ஆறு பழைய கஸ்டமருக்கு கூரியர்ல பார்சல் போட்டோம். ஆறும் சரியா போய்ச் சேர்ந்துச்சு. என்ன, அதுல நாலு குவார்ட்டர்ஸ்ல இப்போ வேற குடும்பம். பழைய ஆளுங்க ரிடையர் ஆகி, காலி பண்ணி, மதுரை, நாகர்கோவில்னு அவங்கவங்க ஊருக்குப் போயாச்சு.

புதுசா வந்தவங்க யாரோ அனுப்பியிருக்காங்கன்னு பிரிச்சுச் சாப்பிட்டுட்டாங்க. ஒருத்தர் மட்டும் கடைக்கே வந்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனார். அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் ரொம்ப நேரம் நோட்டைப் புரட்டிக்கிட்டே இருந்தார்.

"கடைப்பக்கம் வர்றதில்லன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன் தம்பி. ஊர வுட்டே போயிருக்காங்க."

அன்னைக்குப் பிடிச்ச பிடியை அவர் விடவே இல்லை.

இங்க ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் யாராவது ரிடையர் ஆவாங்க. மாலையோட வண்டியில கொண்டாந்து வீட்ல விடுவாங்க. வாசல்ல ஷாமியானா, சாப்பாடு. அங்க போய் ஒரு முந்திரி பாக்கெட்டும், வெப்சைட் அட்ரஸ் போட்ட கார்டும் கொடுக்கணும். எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருந்தே ஆர்டர் பண்ணுவாங்க. பிளான் அவ்வளவுதான். அவர் போட்டது.

கடை வைக்கிறதுக்கு முன்னாடி மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல இருந்தவர். "நமக்கு ஏதுங்க தம்பி ரிடையர்மென்ட்டு, அடுத்தவங்களுதுக்காவது போவோம்"பார்.

கார்டு அடிச்சாச்சு. டொமைன் வாங்கியாச்சு. வெப்சைட் மட்டும் ரெடி ஆகலை. ஏன்னா நான் பெரிய கலைஞன் இல்லையா...

லோகோ பிடிக்கலைன்னு மாத்தினேன். ஃபான்ட்டை மாத்தினேன். போட்டோ மூணு தடவை எடுத்தேன், எந்த லைட்ல எடுத்தாலும் முந்திரி பல்லு மாதிரியே இருந்துச்சு. ஹோம் பேஜ்ல முழுப்பருப்புதான் முதல்ல வரணும்னு நான். உடைசல்தான்னு அவர்.

"பாயசத்துக்கு யாருங்க முழுசு போடறாங்க? உடைசல மேல போட்டு வுடுங்க, நாளைக்கே தொறந்துடலாம்."

இந்த ஒரு விஷயத்துக்கு ரெண்டு வாரம் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

மாசாமாசம் இருபத்தஞ்சாம் தேதி வாக்குல போன் வரும். "தம்பி... மாசக் கடைசி வருதுங்க."

"இந்த மாசக் கடைசிக்குள்ள லைவ் பண்ணிடலாம் அண்ணே."

அஞ்சு மாசக் கடைசி போச்சு. அஞ்சு தடவையும் பாக்கெட்டை மட்டும் கொடுத்துட்டு, கார்டைப் பையிலேயே வச்சுக்கிட்டு திரும்பி வந்திருக்கார். ஏண்ணே, கொடுத்து வைக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். "தொறக்காத கடைக்கு எப்பிடிங்க வாங்கன்னு சொல்றது?"

ஒரு தடவை கூட குரல் உயர்த்தலை. திட்டியிருந்தா முடிச்சுத் தொலைச்சிருப்பேன்.

முந்தாநேத்து வந்த போனை நான் எடுக்கவே இல்லை. என்ன கேட்பார்னுதான் தெரியுமே.

இன்னைக்கு மதியம் காடாம்புலியூர் போனேன். அண்ணி என்னைப் பார்த்து அழலை.

"அந்த வெப்சைட்டு என்னாச்சிங்க தம்பி? கேட்டுக்கினே இருந்தாரு."

வறுக்கிறது, பேக்கிங் எல்லாம் அவங்கதான். இனிமே கடையும் அவங்கதான்.

வெளியே வந்து, வண்டி சீட்டு மேல லேப்டாப்பை வச்சு, நின்னுக்கிட்டே, போன்ல நெட் போட்டு... உடைசலை மேல தூக்கிப் போட்டேன். ஆர்டர் போற நம்பரை அண்ணியோடதா மாத்தினேன். லைவ் பண்ணிட்டேன்.

பதினோரு நிமிஷம். அஞ்சு மாசம் இழுத்தடிச்ச வேலை.

அழுகை கூட வரலை எனக்கு. வெட்கம்தான் வருது.

மறுபடி உள்ளே போய் அண்ணிகிட்ட சொன்னேன். எழுந்து போய் அவர் பையை எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்தாங்க. கார்டு கட்டு ரப்பர் பேண்ட் கூட கழட்டாம அப்படியே இருக்கு. கூட அந்த நீள நோட்டு.

கமென்ட்ல யாரும் லிங்க் கேட்காதீங்க. இது விளம்பரம் இல்லை.

நாளைக்குக் காலைல எடுக்கறாங்க. வியாழக்கிழமை மாசக் கடைசி. இருபதாம் பிளாக்ல ஒருத்தர் ரிடையர் ஆகுறார்னு நோட்டோட கடைசிப் பக்கத்துல குறிச்சு வச்சிருக்கார். குவார்ட்டர்ஸ் நம்பர் இல்லை. ரிடையர் ஆகுறவரோட பேர், போகப்போற ஊர், அங்க அவர் வீட்டு அட்ரஸ்.

கார்டை நான் கொடுத்துடறேன் அண்ணே. நீங்க கிளம்புங்க.