அண்ணனுக்குக் கிண்டிய களி

மதுரை ஆஸ்பத்திரியில் அன்று காலை அந்த அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: கட்டிலில் அண்ணன், தலைமாட்டில் மதினி, கதவை ஒட்டி நான், டாக்டர், ஒரு நர்ஸம்மா. அண்ணனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து அது மூன்றாம் நாள்.

கட்டிலருகே இருந்த பெட்டியில் பச்சைக் கோடு ஒன்று ஓடும். முந்தின நாள் வரை சீராக ஓடியது, அன்று கண்டபடி துள்ளியது. நான் எட்டாங்கிளாஸோடு நின்றவள். அந்தக் கோட்டைப் படிக்க அதுவே போதுமாக இருந்தது.

"இதயம் தாளம் தப்பி அடிக்குது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வரும், உடம்பு கனத்தவங்களுக்குக் கூடுதலா வரும்," என்றார் டாக்டர். "மருந்து ஏத்துறோம். ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போயிராமப் பாக்கணும்." சீட்டைப் புரட்டினார். "எடையைக் குறைச்சுட்டு வரச் சொன்னேன். மூணு கிலோ கூடியில்ல வந்திருக்கார்?"

கூட்டியது நான்தான். கத்தி படப்போகிற உடம்பு வற்றிக் கிடந்தால் தாங்காதே என்று பயந்து, இரண்டு மாதமாக மதினிக்குத் தெரியாமல் எங்கள் ஊர்ப் பேட்டையில் இருக்கும் அண்ணனின் பட்டறைக்கு உளுந்தங்களி கொண்டுபோனேன். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கடனுக்குத்தான். "ஏட்டி, வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கிண்டுத களிய எனக்குத் தாரியே, சடங்கு எப்பம் வச்சிருக்க?" என்று கேலி செய்வான். தூக்குச்சட்டியை வழித்தும் விடுவான்.

"கோதுமைக் கஞ்சியும் கீரையுந்தான் குடுத்தேன் சார்," என்று மதினி அழுதாள்.

அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அவ மேல தப்பில்ல சார். பட்டறைக்கு எதுத்தாப்ல வடைக்கடை."

எனக்காகப் பொய் சொல்ல அந்த மூச்சைச் செலவழித்தானே! கோடு இன்னும் கூடுதலாகத் துள்ளுவதுபோல் தெரிந்தது. நான் உண்மையைச் சொன்னால் அண்ணன் பதறிவிடுவானோ? சொல்லாமல் விட்டால் டாக்டர் மருந்தைத் தப்பாகக் கொடுத்துவிடுவாரோ? சொல்லிவிட்டேன்.

"களியாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. இது பல வருசத்துக் கனம்," என்றார் டாக்டர். "ஆனா இனிமே வேண்டாம்."

மதினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கோடு சீரானது. ஊருக்கு வந்த பிறகும் அண்ணன் கண்ணயர்ந்தால் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுகிறேன். "உயிரோடதான்ளா இருக்கேன், கைய விடு," என்கிறான். பயம் விடவில்லை. கருப்பட்டிக்கடைப் பக்கம் போகவும் கால் வரவில்லை. அந்தக் கடைக்கார அண்ணாச்சிக்கு இன்னும் நூற்று நாற்பது ரூபாய் பாக்கி.