நான் கைவிட்ட நான்கு வாசகர்கள்

வலைப்பூக்கள் புதிதாக வந்திருந்த காலம். வடசென்னையில், எர்ணாவூர் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். மாலையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எங்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து தெரியும் கடலைப் பற்றி எழுதுவேன். பனிக்காலையில் கப்பல்கள் வானத்தில் மிதப்பதுபோல் நிற்கும்.

நான் எழுதிய தளம் பார்க்க அழுது வடிந்தது. அழகான வேறொன்றுக்கு மாறினேன். அதில் பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்பும் வசதி இல்லை. அப்படி வாங்கிப் படித்தவர்கள் நான்கே பேர்தானே என்று, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, அதே பஸ் ஸ்டாப்பில் மீன்கூடையோடு ஒரு அக்கா என்னிடம் வந்தார்.

"கடலைப் பத்தி கம்ப்யூட்டர்ல எய்துற பொண்ணு நீதானாம்மா?"

தலையாட்டினேன்.

"நான் நெட்டுக்குப்பம். எங்க வூட்டுக்காரரு கப்பல்ல வேலையா கீறாரு. அங்க நெட்டெல்லாம் பார்க்க முடியாதாம், மெயில் மட்டுந்தான் வருமாம். உன்னுது வரலைன்னு ஒரே பேஜாரு. கப்பல் கரைக்கு வந்தப்ப போன் பண்ணி, அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சோ, பார்த்துட்டு வான்னாரு. மூணு நாளா இங்க நின்னு ஒவ்வொரு பொண்ணையா கேட்டுகினு கீறேன்."

"நல்லாத்தான் இருக்கேன்க்கா" என்றேன்.

"அப்ப எய்து. வூட்ல எல்லாரும் சௌக்கியம்னு அதுல சேர்த்துக்கோ."

அன்று மாலையே, மின்னஞ்சல் அனுப்பும் சாதாரணத் தளம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அன்றைய கடலை எழுதி, அக்கா சொன்னதையும் சேர்த்து, நால்வருக்கும் அனுப்பினேன்.

எங்கோ நடுக்கடலில் ஒருவர் என் வரிகள் வழியாகத் தினமும் ஊருக்கு வந்துபோயிருக்கிறார். அவரை நான் வெறும் எண்ணாகப் பார்த்திருந்தேன்.